அடியில் இருக்கும் '3' எண் அல்ல

கேள்வி: உரோமக் குல்லா, தோல் அங்கி, கையில் மீனோடு ஒரு வடதுருவச் சிறுவன் பீங்கான் பொம்மை. அடியில் சிவப்பில் மூன்று குறி, கடைசியில் 3. மூன்றாம் தரம்தான் என்கிறார் பழைய சாமான் கடைக்காரர். சரியா? – வாசகி, களியக்காவிளை

பதில்: தப்பு. அது ரஷ்ய எழுத்து. கூரை போல ஒன்று, வட்டத்தைக் குத்திய கோடு, பிறகு '3' போல ஒன்று என வரிசையாக இருந்தால் லெனின்கிராட் பீங்கான் ஆலை முத்திரை. 1744-ல் தொடங்கிய அரச ஆலைதான் அது. இந்த முத்திரை வந்தது 1936-ல். சோவியத் காலத்தில் தரத்தைச் சொன்னது நிறம்: சிவப்பு முதல் தரம், நீலம் இரண்டாவது, பச்சை மூன்றாவது.

ஆனால் லட்சக் கணக்கு போட வேண்டாம். பெரிய விலை போவது ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் கேட்டு, 1907-லிருந்து சிற்பி பாவெல் காமென்ஸ்கி வடித்த 'ரஷ்ய மக்கள்' வரிசை. சுமார் 40 செ.மீ. உயரம்; அடியில் பச்சையில் கிரீடம், ஆங்கில 'எச்' போன்ற எழுத்து, ஆண்டு.

கேள்வி: மீன் பிடித்த கை முறிந்து, உடனடிப் பசையால் ஒட்டினேன். கோணிவிட்டது. – அதே வாசகி

பதில்: சில நொடியில் பிடித்துக்கொள்ளும் பசையில் திருத்த நேரமே கிடைக்காது. கெமிக்கல் கடையில் சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் எண்ணெய் கலந்திருக்கும். முதலில் பஞ்சு முனையால் வண்ணத்தில் ஒரு புள்ளி தொட்டுப் பாருங்கள். சூளையில் சுட்ட வண்ணம் அசையாது. பஞ்சில் ஏறினால் யாரோ பின்னால் பூசியது. அங்கே அசிட்டோன் படக் கூடாது. நனைத்த பஞ்சை மூட்டில் வைத்து, ஆவியாகாமல் பாலித்தீன் சுற்றி, சில மணி நேரம் விடுங்கள். முறுக்கி இழுத்தால் ஓரம் சில்லு சில்லாகப் போகும். தானாக விட வேண்டும்.

பழைய பசையைத் துளியும் விடாமல் துடைத்து, பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். நகத்தால் தடவினால் தட்டக் கூடாது. பிறகு இரண்டு டியூப் எப்பாக்சியைச் சம அளவில் கலந்து, கடுகளவு மட்டும், ஒரு பக்கம். கூடினால் மூட்டு மூடாது. ஒரு பாத்திரம் நிறைய அரிசி எடுத்து, ஒட்டிய கை மூட்டின்மேல் நேராக உட்காரும்படி பொம்மையைச் சாய்த்துப் புதையுங்கள், எடையே அழுத்தும். 24 மணி நேரம் தொடாதீர்கள். எப்பாக்சி நாளடைவில் மஞ்சளாகும், அதற்கு மாற்று வீட்டில் கிடையாது.

கேள்வி: பொன்கோடு போட்ட பீங்கான் பொம்மையைக் குத்துவிளக்கு போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா? – வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கூடவே கூடாது. பொன்கோடு மெருகின்மேல் இருப்பது, தேய்த்தால் போய்விடும். மெல்லிய தூரிகை, ஈரத் துணி போதும். தண்ணீரில் முக்காதீர்கள்: பொம்மை உள்ளே பொள்ளல், அடியில் சிறு துளை. உள்ளே போன நீர் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்தில் வாரக்கணக்கில் காயாது. அலமாரித் தட்டில் பழுப்பு வளையம் விழும்.