எம்டிஏ5 மரபணு: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ஐஎஃப்ஐஎச்1 மரபணுவுக்கு என்ன வேலை?

பதில்: எம்டிஏ5 என்ற புரதம் இதிலிருந்துதான் உருவாகிறது. சில வைரஸ்கள் செல்லுக்குள் பெருகும்போது நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ உண்டாகும். சரத்தில் பூத் தொடுப்பதுபோல் எம்டிஏ5 அதன்மேல் அடுத்தடுத்து வரிசையாக ஒட்டும். வரிசை போதிய நீளம் வந்ததும் மைட்டோகாண்ட்ரியாமேல் இருக்கும் மாவ்ஸ் புரதம் விழித்துக்கொள்ளும், வைரஸ் வந்திருக்கிறது என்று மற்ற செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரக்கும்.

கேள்வி: எம்டிஏ5-ஐ ஹெலிகேஸ் என்கிறார்களே, ஹெலிகேஸ் என்றால் இரட்டை இழையைப் பிரிப்பதுதானே?

பதில்: குடும்பப் பெயர் அப்படி. இதற்குப் பிடித்துக்கொள்வதுதான் முக்கியம். இழை குட்டையாக இருந்தால் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துக் கழன்றுவிடும். நம் சொந்த ஆர்என்ஏவைப் பார்த்துக் கலவரப்படாமல் இருக்க இதுவும் ஒரு வழி.

கேள்வி: ரிக்-ஐ என்ற புரதமும் இதே வேலைதானே?

பதில்: பங்காளி. அது பிடிப்பது குட்டை இழை, நுனியில் மூன்று பாஸ்பேட் இருக்கும் ஆர்என்ஏ. இன்ஃப்ளூயன்சாவைக் கண்டுபிடிப்பது அதன் பங்கு.

கேள்வி: டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஏ946டி என்று இருக்கிறது. சர்க்கரை வருமா?

பதில்: இந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதன் பெயர்தான் ஏ946டி. 2006-ல் டைப் 1 நீரிழிவோடு தொடர்பு தெரிந்த மாற்றம் இது. நிறையப் பேரிடம் இருக்கிறது, அபாயத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். ஓர் எழுத்தை வைத்து ஜாதகம் கணிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கும் ஏ946டி...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: இந்த மரபணுவை முடக்கும் அரிய மாற்றங்கள் டைப் 1-ஐத் தடுக்கின்றன என்று 2009-ல் வந்ததே. மருந்தால் முடக்கிவிடலாமே?

பதில்: இரு பிரதியும் பழுதான ஒரு குழந்தையை ரைனோவைரஸ், அதாவது சாதாரண சளி வைரஸ், திரும்பத் திரும்பத் தாக்கியது. 2017-ல் பதிவானது.

கேள்வி: அது இரண்டும் பழுது. ஒன்று மட்டும் பழுதானவர்கள் நன்றாக நடமாடுகிறார்களே?

பதில்: நியாயம், நான் அவசரப்பட்டேன். ஆனால் பிறவியிலேயே பாதி குறைவாக இருப்பதும் மருந்தால் அடக்குவதும் ஒன்றல்ல.

கேள்வி: அப்படியானால் வேகத்தைக் கூட்டினால் நல்லதா?

பதில்: அது இன்னும் மோசம். ஒரு பிரதி மட்டும் அதிவேகமானாலே போதும், வைரஸே இல்லாமல் இன்டர்ஃபெரான் கொட்டும். ஐகார்டி-கூட்டியர்ஸ் நோய்க்கு இது ஒரு காரணம் என்று 2014-ல் தெரிந்தது. கைக்குழந்தையின் மூளையில் சுண்ணாம்பு படியும். சிலருக்கு ஜாக் தடுப்பான் மருந்து தருகிறார்கள். அதுவும் நோயின் வேரைத் தொடாது, இன்டர்ஃபெரான் செல்லுக்குள் அனுப்பும் சமிக்ஞையை மட்டும் தணிக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு எம்டிஏ5 ஆன்டிபாடி பாசிட்டிவ். எங்களுக்கும் மரபணு சோதனை வேண்டுமா?

பதில்: வேண்டாம். இது மரபணுக் கோளாறு இல்லை, அந்தப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி. தோலையும் தசையையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸ் நோயில் வரும், நுரையீரலை வேகமாகக் கெடுக்கக்கூடும். அம்மாவை உடனே ருமட்டாலஜிஸ்ட்டிடம் (இந்த வகை நோய்களுக்கான மருத்துவர்) காட்டுங்கள். மூச்சு வாங்கினால் இன்றைக்கே, இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல்.

கேள்வி: ஐயா, ஏ946டி பற்றி...

பதில்: மேலே. ஜாதகம் கணிக்காதீர்கள்.