சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் பெண் ஆசிரியர்களுக்குச் சம வாய்ப்பு கிடைக்கிறதா?

முனைவர் பட்டம் முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன், இங்கே பல்கலைக்கழக வேலைக்குப் போனால் பெண் என்பதால் பின்தங்கிவிடுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக இங்கே பாடம் நடத்துகிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

வேலைக்கு எடுக்கும்போது எனக்கு எந்தப் பாகுபாடும் நடக்கவில்லை. சிக்கல் அதற்கப்புறம்தான். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் ஏறக்குறைய ஆறேழு வருடத்துக்குள் போதுமான ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டி டெனியூர், அதாவது நிரந்தரப் பணி, வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான், பிள்ளை பெற்றுக்கொள்ளும் வயதும் சரியாக அதே வருடங்களில் வந்து நிற்கும். என் மகள் பிறந்தபோது 16 வாரம் மகப்பேறு விடுப்பு கொடுத்தார்கள், கெடுவையும் ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். ஆனால் மதிப்பீட்டின்போது ஒருவர், "கூடுதலாக ஒரு வருடம் இருந்ததே, கட்டுரை மட்டும் ஏன் கூடவில்லை?" என்று கேட்டார். இராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த வருடம் அது. எனக்கு டெனியூர் கிடைத்துவிட்டது, என்னோடு சேர்ந்த தோழிக்குக் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு அப்பாமார்களும் நான்கு வாரம் விடுப்பு கேட்டால் முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் துறை ஆண்கள் அதை முழுசாக எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன், அவர்களும் எடுத்தால்தான் விடுப்பு என்பது பெண்ணின் குறையாகத் தெரியாது.

பழைய கதையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1979 முதல் இங்கே மருத்துவப் படிப்பில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர முடியாது, கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவார்கள் அல்லது குறைத்துக்கொள்வார்கள் என்பதுதான் காரணம். 2002 கடைசியில்தான் அதை நீக்குவதாக அறிவித்தார்கள். அன்று இடம் கிடைக்காத பெண்களில் எத்தனை பேர் இன்று மருத்துவப் பேராசிரியராக இருந்திருப்பார்கள்! சிங்கப்பூர்ப் பெண் ஒருவர் இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக வருவதற்கே 2019 ஆகிவிட்டது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் (SMU) லில்லி கோங்தான் அவர்.

அடுத்தது கணக்கில் வராத வேலை. பரீட்சைக்கு முந்தின வாரம் அழுதுகொண்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள், பக்கத்து அறைக்காரரை "ப்ரொஃப்" என்றும் என்னை "மிஸ்" என்றும் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, வரட்டும். ஆனால் அந்த நேரம் பதவி உயர்வுப் படிவத்தில் எங்கேயும் ஏறுவதில்லை. மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் மதிப்பீடு அந்தப் படிவத்தில் ஏறுகிறது, அதிலும் கோளாறு இருக்கிறது. அமெரிக்காவில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இணையவழி வகுப்பு எடுத்த ஆசிரியர்கள் ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் மாறி மாறிப் பாடம் நடத்தினார்கள், யார் நடத்தினாலும் ஆண் பெயருக்கே மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள்.

போன வருடம் எங்கள் துறையில் யார் எந்தக் குழுவில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று எல்லார் பெயரையும் ஒரே தாளில் எழுதச் சொன்னேன். கூட்டம் முடிவதற்குள் இரண்டு ஆண்கள் தாங்களாகவே மாணவர் நலக் குழுவுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

நேர்முகத்துக்குப் போகும்போது இதையெல்லாம் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை வகுப்பு, எத்தனை குழு, பிள்ளை பிறந்தால் டெனியூர் கெடு தானாக நீளுமா, நாமே விண்ணப்பிக்க வேண்டுமா, நீண்ட வருடத்தை மதிப்பீட்டில் எப்படிக் கணக்கிடுவார்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.