ஸ்மார்ட் போர்டு நேரத்தைக் குறைப்பது பற்றி

வணக்கம் டீச்சர். ஏற்காட்டில் உங்கள் ஐந்தாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து நாள் முழுக்கத் திரைதான், பிள்ளைகள் கண்ணைக் கசக்குகிறார்கள், தலைமையாசிரியர் குறைக்க விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அவரிடம் மத்திய அரசு 2020இல் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதலைக் காட்டுங்கள். எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம் என்கிறது. இணையவழி வகுப்புகளுக்காக எழுதியதுதான், ஆனாலும் பேச்சைத் தொடங்க உதவும்.

இதயம் துடிப்பது, கோள்கள் சுற்றுவது போல நேரில் காட்ட முடியாதவற்றுக்குத் திரை நல்லது. வாய்ப்பாடும் கையெழுத்தும் நோட்டிலேயே நடக்கட்டும். காப்பிச் செடியையும் மிளகுக்கொடியையும் ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு வீடியோவில் காட்டுவது எனக்குச் சம்மதமே இல்லை. வெளியே அழைத்துப் போங்கள்! பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. தைவான் பள்ளிகள் 2010 முதல் நாளுக்கு 120 நிமிட வெளிநேரத்தை இலக்காக வைத்திருப்பது இதற்காகத்தான்.

பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளைகளை மட்டும் தாமதிக்காமல் கண் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது.