ட்ரக்டர் எஞ்சினை யாரிடம் கழற்றக் கொடுப்பது?

வட்டக்கச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

“என்னிடம் பழைய மெசி பெர்குசன் 240 ஒன்று நிற்கிறது. கொஞ்ச நாளாக நீலப் புகை கக்குகிறது. பத்து மணித்தியாலம் உழுதால் ஒரு லீற்றர் ஒயில் குறைகிறது. கிளிநொச்சியில் ஒரு கராஜில் போனிலேயே ‘ஃபுல் கிட் போட்டுத் தாறம்’ என்று ஒரு தொகை சொன்னார்கள். வவுனியாவில் ஒருவர் ‘கழற்றிப் பார்த்துத்தான் விலை சொல்லலாம்’ என்கிறார். மூன்றாவது ஆள் இந்த எஞ்சினைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்துத் தருவதாகச் சொல்கிறார். கனடாவில் ஹெலிகொப்டர் எஞ்சின் திருத்தும் இடத்தில் வேலை செய்கிற அக்காவின் மகன், ‘அளவெடுத்து எழுதித் தராத இடத்தில் குடுக்காதேங்கோ மாமா’ என்கிறான். இங்கே அப்படிக் கேட்டால் சிரிக்க மாட்டார்களா? காலபோக உழவுக்கு முன் வேலை முடிய வேணும். யாரிடம் கொடுக்கலாம்?”

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்கள் மருமகன் சொன்னது முழுக்கச் சரி. ஹெலிகொப்டர் டர்பைன் எஞ்சின் ஒன்று ஓவரோலுக்கு, அதாவது முழுதாகக் கழற்றித் திருத்த வந்தால் முதலில் அதைக் கழற்றிக் கழுவி, பாகம் பாகமாக அளந்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, கண்டதை எழுதி உரிமையாளருக்கு அனுப்புவார்கள். முடிவான விலை அதற்குப் பிறகுதான் வரும். வேகமாகச் சுழலும் தட்டுகளுக்கு ஆயுள் கணக்கு உண்டு. எத்தனை தடவை இயக்கி நிறுத்தினார்கள், எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று பதிந்து வைத்திருப்பார்கள். கணக்கு முடிந்தால், பார்வைக்குப் புதுசு போலப் பளபளத்தாலும் கழித்துவிடுவார்கள். எல்லாம் பூட்டிய பிறகு சோதனை மேடையில் ஓடவிட்டு வலு, வெப்பநிலை, அதிர்வு மூன்றையும் பதிவார்கள். விமானத்துறையின் அனுமதி பெற்ற நிறுவனம் கையெழுத்திட்ட சான்றிதழ் இல்லாமல் அந்த எஞ்சின் பறக்க முடியாது.

ட்ரக்டருக்கு அந்த அனுமதியும் ஆயுள் கணக்கும் தேவையில்லை. ஆனால் முதலில் அளவு, பிறகு விலை என்ற ஒழுங்கு மட்டும் அப்படியே பொருந்தும். வன்னியில் அதைக் கேட்டு வாங்கலாம். ஒரு அரைத்தாள் காணும்.

அதற்கு முன்னால் ஒரு விசயம். எஞ்சினைக் கழற்றத்தான் வேண்டுமா? நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, அவ்வளவுதான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும், அது உரசி ஓடும் சிலிண்டர் உள்சுவரான லைனரும் தேய்ந்தும் எரியலாம், வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைட் தேய்ந்து மேலே இருந்து இறங்கியும் எரியலாம். எஞ்சின் சூடாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குப்குப்பென்று தள்ளிக்கொண்டு வந்தால் சிலிண்டர் பக்கம்தான் கோளாறு. அங்கே அமைதியாக இருந்து, மேட்டிலிருந்து இறங்கி மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலமாக வந்தால் சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டைச் சந்தேகப்படலாம். ஹெட் வேலையோடு முடிந்தால் செலவு நன்றாகக் குறையும். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். இதையெல்லாம் பார்க்காமலே “இறக்குவோம்” என்கிற இடத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

சரி, இறக்கியாயிற்று என்று வைப்போம். உங்கள் வண்டியில் இருப்பது பெர்க்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர் விட்டம் 3.6 அங்குலம், அதாவது 91.4 மில்லிமீற்றர். லைனர் ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் போய்த் திரும்புகிற இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அதிகம் தேயும். விரல் நகத்தை உள்ளே மேலிருந்து கீழாக இழுத்தால் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படி எவ்வளவு என்று நகம் சொல்லாது, சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ்தான் சொல்லும். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போகும் திசையில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. மூன்று சிலிண்டருக்கும் 18 எண்கள். கிராங்கில், பிஸ்டனோடு அதை இணைக்கும் கனெக்டிங் ரொட் பிடிக்கும் இடம் 3, மெயின் பேரிங் இடம் 4. ஒவ்வொன்றையும் மைக்ரோமீற்றரால் இரண்டு திசையில் அளந்தால் இன்னும் 14. மொத்தம் 32 எண்கள். கேட்க வேண்டிய அரைத்தாள் இதுதான். தெரிந்த ஆளுக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை.

இந்த எண்கள் உங்களுக்கு விளங்க வேண்டும் என்றில்லை. எழுதித் தருகிற ஆள் அளந்திருக்கிறார், அதுதான் விசயம். கிராங்க் தேவையான அளவுக்குள் இருந்தால் அதை அரைக்கவே வேண்டாம். “எதற்கும் ஒரு பத்து அடிப்போம்” என்று நல்ல கிராங்கை அரைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. பத்து, இருபது, முப்பது என்று லேத் பட்டறையில் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. முப்பதுக்குப் பிறகு பேரிங் தேடுவதே பாடாகிவிடும். ஒவ்வொரு அரைப்பும் உங்கள் கையிருப்பில் ஒன்றைக் குறைக்கிறது.

அரைத்து வந்த கிராங்கில் ஓர் இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி பக்கச் சுவரோடு சேருகிற மூலை வளைவாக இருக்க வேண்டும். அரைக்கும் கல்லை ஒழுங்காகச் சீவாமல் அரைத்தால் அந்த மூலை கூராகிவிடும். பிறகு கிராங்க் முறிவதென்றால் அங்கேதான் முறியும், பேரிங் எவ்வளவு நல்லது போட்டிருந்தாலும். இன்னொன்று, கிராங்குக்கு உள்ளே ஓடும் ஒயில் துளைகளில் அரைத்த தூள் தங்கியிருக்கும். தூரிகை விட்டுக் கழுவி, காற்றடித்து எடுக்காமல் பூட்டினால் முதல் ஒரு மணித்தியாலத்திலேயே புதுப் பேரிங்கில் கோடு விழும். “துளையை எப்படிக் கழுவுவீர்கள்?” என்று சும்மா கேட்டுப் பாருங்கள். பதில் எவ்வளவு விரைவாக வருகிறதோ அந்த அளவுக்கு அந்த இடம் நல்ல இடம்.

நீங்கள் ஒரு கராஜைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறீர்கள். உண்மையில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கழற்றிப் பூட்டுவது கராஜ். கிராங்க், லைனர், ஹெட் வேலை லேத்தில். டீசல் பம்பும், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நொசிலும் பம்ப் கடையில். அதனால் “லேத் வேலைக்கு எங்கே அனுப்புவீர்கள், பம்ப் எங்கே போகும்?” என்று முதலிலேயே கேளுங்கள். முடிந்தால் அந்த லேத்துக்கு நீங்களே போய் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். மைக்ரோமீற்றர் பெட்டிக்குள் இருக்கிறதா, இல்லை வெல்டிங் கம்பிகளோடு மேசையில் புரளுகிறதா?

உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் சீஏவி நிறுவனத்தின் டீபிஏ வகை டீசல் பம்ப். அதற்கு மசகு அதன் வழியாக ஓடுகிற டீசல்தான். 2022இல் டீசல் இல்லாமல் நாம் வரிசையில் நின்ற நாட்களில் பலர் மண்ணெண்ணெய் கலந்தும், பீப்பாயில் தண்ணீர் இறங்கிய டீசலை ஊற்றியும் உழுதார்கள். உங்கள் வண்டியும் அதைக் குடித்திருந்தால் பம்பைக் கட்டாயம் சோதனை பெஞ்சில் ஏற்றிப் பார்க்க வேண்டும். எஞ்சின் புதிதாகி, நொசில் தெளிக்காமல் ஒழுகினால் அந்த டீசல் லைனரில் இருக்கும் ஒயிலைக் கழுவிவிடும், புது ரிங் சீக்கிரம் போய்விடும். நொசில் சோதிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஆனால் தெளிக்கும் இடத்தில் கையைக் காட்ட வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

போனில் விலை சொன்ன கிளிநொச்சிக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது கிட்டின் விலை. அதில் பிஸ்டன், ரிங், லைனர், பேரிங், கஸ்கட் இருக்கும். கிராங்க் அரைப்பது, வால்வு இருக்கை வெட்டுவது, பம்ப் வேலை எதுவும் இருக்காது. எஞ்சின் தரையில் பிரிந்து கிடக்கும்போதுதான் அவை ஒவ்வொன்றாக வரும். அப்போது உங்களால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வவுனியாக்காரரின் பதில் கேட்கச் சங்கடமாக இருந்தாலும் அதுதான் நேர்மையான பதில்.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓடவைத்த மெக்கானிக்குகள் வன்னியில் இருந்தார்கள். அந்தக் கை இன்றும் சிலரிடம் இருக்கிறது. எஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் என்று சொல்வார்கள். நோயைக் கண்டுபிடிக்க அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் கிராங்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவருடைய காதும் சொல்லாது. அவரும் அளக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது ஆளின் யோசனை, அதாவது எஞ்சினையே மாற்றுவது, எனக்குச் சரிவரவில்லை. வரப்போகும் எஞ்சின் எங்கே கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்ட வாகனங்கள் மழையிலும் வெயிலிலும் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படிக் கழற்றிய பாகங்கள் பல கைமாறியிருக்கின்றன. வெளியில் வர்ணம் அடித்த புளொக்குக்கு (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடலுக்கு) உள்ளே தண்ணீர் நின்று அரித்திருக்கலாம். அதோடு, உங்கள் வாகனப் புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் இலக்கம் வேறு, வண்டியில் இருக்கும் இலக்கம் வேறு என்றாகும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் வண்டியை விற்கப் போகும்போது தலையிடி. உங்கள் புளொக் வெடித்திருந்தால் மட்டும் இந்தப் பேச்சை எடுக்கலாம்.

காலம் பற்றிக் கேட்டீர்கள். சிறுபோகத் தண்ணீர்ப் பங்கு உங்களுக்கு இல்லை என்றால் வைகாசி, ஆனி நல்ல காலம். ஆவணி பிறந்துவிட்டால் எல்லோருடைய வண்டியும் ஒரே நேரத்தில் கராஜ் வாசலில் நிற்கும். அவசரத்தில் பூட்டுகிற எஞ்சின் எனக்குப் பயம்.

உத்தரவாதத்தை மாதக் கணக்கில் வாங்காமல் மணித்தியாலக் கணக்கில் பேசிப் பாருங்கள். ஆறு மாத உத்தரவாதத்தில் வண்டி இரண்டு மாதம் நின்றால் அந்த இரண்டு மாதமும் சும்மா கரைந்துவிடும். பெரும்பாலான மெசிகளில் மணிக்கணக்கு காட்டும் மீற்றர் எப்போதோ செத்துவிட்டது என்பது தெரியும், அதையும் இந்தச் சாட்டில் மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் முழுவதையும் ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் நேரே சேற்றில் இறக்க வேண்டாம். மணிக்கணக்காகச் சும்மா ஓடவிடவும் வேண்டாம், ரிங் படியாது. பெட்டியில் பாதிப் பாரம் ஏற்றி ஓடுங்கள், புழுதி உழவு செய்யுங்கள். 50 மணித்தியாலத்துக்குள் ஒயிலையும் பில்டரையும் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த எஞ்சின் ஏன் இப்படித் தேய்ந்தது என்று யாராவது சொன்னார்களா? வன்னியில் நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் செம்மண் தூசிதான். காற்று பில்டர் கிண்ணத்தில் ஒயில் மட்டம் குறைந்திருக்கும், அல்லது பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடிப்பு இருக்கும். வண்டியை ஏற்றுவதற்கு முன் அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தூசி ஒட்டினால் குழாயை இப்போதே மாற்றுங்கள், கிண்ணத்தைக் கழுவிப் புது ஒயில் ஊற்றுங்கள். அப்புறம் வவுனியாக்காரருக்குப் போன் எடுத்து, கழற்றுகிற அன்று நீங்களும் நிற்பதாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேறு ஆளைப் பார்ப்போம், எழுதுங்கள்.