சொற்களைக் குறைத்து எழுதினால் கதைக்கு என்ன ஆகிறது?

சொல்லாமல் விட்டதை நிரப்பும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் ஒரு கதை இரண்டு வடிவங்களில் அச்சாகியிருப்பதால் இதை நேராகவே ஒப்பிடலாம்.

பிறந்தநாளன்று ஒரு சிறுவன் மீது கார் மோதுகிறது. ஆர்டர் செய்த கேக்கை யாரும் வாங்க வராத எரிச்சலில் பேக்கரிக்காரர் அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்ப போன் செய்கிறார். 1981இல் வந்த ‘தி பாத்’, பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் தாராளமாகக் கத்தரி போட்ட வடிவம். அம்மா போனை எடுக்கிறாள். பேசுவது மருத்துவமனையா, பேக்கரியா? தெரியாது. பையன் பிழைத்தானா? அதுவும் தெரியாது. கதை அங்கேயே நின்றுவிடுகிறது. நமக்கோ வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் 1983இல் ‘கதீட்ரல்’ தொகுப்பில் கார்வர் நீண்ட வடிவத்தைச் சேர்த்தார். அதில் பையன் இறந்துவிடுகிறான். கோபத்தோடு போன பெற்றோரிடம் பேக்கரிக்காரர் மன்னிப்புக் கேட்டு, சூடாக ரொட்டி தருகிறார். விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சுருங்கிய மொழி பதற்றத்தை நன்றாகவே கூட்டுகிறது, சரி. ஆனால் அந்த மூன்று பேருக்கும் நடுவில் வரும் இளக்கத்துக்கு அதில் இடமில்லை. என் ஓட்டு நீண்ட வடிவத்துக்கே. சொல்லப்போனால், ‘மினிமலிஸ்ட்’ (சொற்களைச் சுருக்கி எழுதுபவர்) என்ற முத்திரை கார்வருக்கே பிடிக்கவில்லை.