பல்லைப் பிடித்துப் பார்க்கும் கடை

கேள்வி: அம்மா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அவருடைய துணிமணிகளையும் வீட்டுச் சாமான்களையும் ஒழித்துக்கொண்டிருக்கிறேன். தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் பழைய பொருள் கடைக்கு ஆறு பைகள் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் கிளறிப் பார்த்துவிட்டு இரண்டரைப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சும்மா கொடுப்பதற்கே இத்தனை கெடுபிடியா என்று கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. மெத்தை, மைக்ரோவேவ், பழைய போன்கள், என் பிள்ளைகள் பயன்படுத்திய கார் சீட், குழந்தைக் கட்டில் எல்லாம் இன்னும் மிச்சம். எதைக் கொடுக்கலாம்? கிழிந்ததை என்ன செய்வது? அம்மாவின் நீலக் கோட் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தால் யாரிடம் போனது என்று பிறகு கேட்கலாமா?

பதில்: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. தொண்டுக் கடையின் பின்னறையில் நாள் முழுக்க நடப்பது அந்தப் பல் பார்க்கும் வேலைதான். பதினோரு வருடம் நானும் அதைச் செய்திருக்கிறேன். அதனால் உங்கள் கோபம் புரிகிறது, பையைத் திருப்பித் தந்தவரின் சங்கடமும் புரிகிறது. அவர் இன்னும் இதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் செய்தது சரி.

இந்தக் கடைகளில் பெரும்பாலானவை நீங்கள் தரும் சட்டையை நேராக ஓர் ஏழையின் கையில் கொடுப்பதில்லை. விற்கின்றன. வாடகை, மின்சாரம், சம்பளம் போக மிஞ்சும் காசுதான் அந்த நிறுவனத்தின் தொண்டுக்குப் போகிறது. ஆகவே ‘யாராவது ஒருவருக்கு உதவுமே’ என்று நினைத்துக்கொண்டு பை கட்டினால் கணக்குத் தப்பிவிடும். ‘இதை ஒருவர் காசு கொடுத்து வாங்குவாரா?’ என்று கேட்டுப் பாருங்கள். வாங்க மாட்டார் என்றால் அந்தச் சட்டையைப் பிரிக்க ஒருவருடைய நேரம், வைக்க இடம், கடைசியில் குப்பை வண்டிக்குக் கூலி எல்லாம் கடையின் தலையில் விழும். எடைக்கு எடை காசு வாங்கிக்கொண்டு குப்பை அள்ளும் இடங்களில் இது சின்னச் செலவு இல்லை.

‘கொஞ்சம் தையல் விட்டிருக்கிறது, அவர்களே தைத்துக்கொள்வார்கள்.’ என் மேசைக்கு முன்னால் நின்று எத்தனையோ பேர் சொன்ன வாக்கியம் இது. ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. 1902இல் போஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், வசதியானவர்கள் வீடுகளில் பழைய துணியும் சாமானும் சேகரித்து, வேலையில்லாத ஏழைகளை அமர்த்திப் பழுது பார்க்கவைத்து விற்றார். அதுதான் பின்னாளில் குட்வில் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அங்கே பழுது பார்ப்பதே தொண்டு. கிழிசல் இருந்தால்தான் ஒருவருக்குக் கூலி கிடைக்கும். இன்றைக்குப் புதுச் சட்டையே பல இடங்களில் தையல்கூலியைவிட மலிவு. கடையில் ஊசிநூல் இருக்கும், உட்கார்ந்து தைக்க ஆள் இருக்காது. ஒரே ஒரு பட்டன்தான் குறை என்றால் நீங்களே தைத்துவிடுங்கள்.

துணியை எப்படிப் பார்ப்பது? ஒரு சட்டைக்கு எங்களுக்குக் கிடைக்கும் நேரம் பத்துப் பதினைந்து விநாடி. அதற்குள் கை போகும் வரிசை மாறவே மாறாது: காலரின் உள்பக்கம், அக்குள், கைமடிப்பு, ஜிப், கால்சட்டை என்றால் தொடை உரசும் இடம். நீங்களும் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் இதே வரிசையில் பாருங்கள். இரவு விளக்கில் மஞ்சள் கறை கண்ணுக்குத் தப்பிவிடும். அக்குளில் மஞ்சள் பிடித்த வெள்ளைச் சட்டை எவ்வளவு உயர்ந்த துணியானாலும் விலை போகாது. கம்பளி ஸ்வெட்டரை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் அந்துப்பூச்சி போட்ட பொட்டு ஓட்டைகள் தெரியும். எலாஸ்டிக்கை ஒருமுறை இழுத்து விடுங்கள். உயிரோடு இருந்தால் சட்டென்று திரும்பும். காய்ந்துபோனது கரகரவென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இழுத்த இடத்திலேயே நின்றுவிடும்.

துவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், நன்றாகக் காய வேண்டும். ஒரே ஒரு ஈரத் துண்டு உள்ளே போய்விட்டதால் முப்பது உருப்படியும் பூசண வாடை ஏறி வீணான பைகளை நானே பிரித்திருக்கிறேன். இஸ்திரி போட வேண்டியதில்லை, ஆவியில் சுருக்கம் எடுக்கும் கருவி கடையில் இருக்கும். அம்மாவின் அலமாரித் துணிகளில் பாச்சை உருண்டை வாடை இருக்கக்கூடும். நாப்தலின் தானாகவே காற்றில் கரையும் பொருள். கொடியில் விரித்து, காற்றோட்டமான நிழலில் நாலைந்து நாள் விட்டுவிட்டுப் பிறகு துவையுங்கள். சென்ட் அடித்து மூடிமறைக்க மட்டும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை வரும், அதற்கு இன்னும் யாரும் பேர் வைக்கவில்லை.

அப்புறம் பைகள். சட்டைப் பை, கால்சட்டைப் பை, கைப்பையின் உள் ஜிப் எல்லாவற்றிலும் கைவிட்டுப் பாருங்கள். கோட் என்றால் அதோடு விடாதீர்கள். உள்பையின் மூலையில் தையல் விட்டிருந்தால் சின்னப் பொருள்கள் லைனிங்குக்குள் நழுவி அடிவிளிம்பில் போய்த் தங்கிவிடும். கீழ் மடிப்பை இரண்டு விரலால் நெருடிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். அப்படி நெருடித்தான் ஒருமுறை ஒரு மோதிரம் எனக்குத் தட்டுப்பட்டது. வீட்டுச் சாவி, ஒரு பல்செட், எட்டாக மடித்த ஒரு கடிதம்கூட வந்திருக்கின்றன. கடைக்கு வந்த பைகளை மேசையில் கொட்டிவிட்டால் எது யாருடையது என்ற அடையாளமே போய்விடும். அந்த மோதிரத்தைத் தேடி யாரும் வரவில்லை. நீலக் கோட்டை இப்படி ஒருமுறை நெருடிப் பார்த்துவிடுங்கள். புத்தகங்களைக் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள்.

கிழிந்தது, கறைபட்டது எல்லாவற்றையும் நல்லதோடு கலக்காமல் தனிப் பையில் போட்டு, மேலே ‘கந்தல்’ என்று எழுதுங்கள். கடையில் முதலில் கேளுங்கள். கந்தலை எடைக்கு விற்கும் ஏற்பாடு இருக்கும் கடைகள் மகிழ்ச்சியாகவே வாங்கிக்கொள்ளும். பருத்தி, எந்திரம் துடைக்கும் துணியாகும். கம்பளியைப் பிய்த்து மறுபடி நூலாக்குவார்கள். இங்கிலாந்தின் பேட்லி ஊரில் 1813வாக்கில் பெஞ்சமின் லா தொடங்கிவைத்த தொழில் இது. இன்று இந்தியாவின் பானிபட் நகரில் அது பெரிய அளவில் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரி 1 முதல் பழைய துணியைக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகச் சேகரிக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று விதி. அங்கே இருப்பவர்கள் கந்தலுக்குக் கடையைத் தொல்லைப்படுத்தாமல் நகராட்சித் தொட்டியைத் தேடலாம். எண்ணெயோ பெயின்ட்டோ ஊறிய துணியை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, அது குப்பைதான்.

கந்தலை ஏன் கலக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடையில் விலைபோகாத துணியில் கணிசமான பங்கு பேல் எனப்படும் பெரிய மூட்டைகளாகக் கட்டி வேறு நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. கானாவின் அக்ரா நகரிலுள்ள கன்டமான்டோ சந்தை அப்படிப்பட்ட துணிகளுக்குப் பேர்போனது. அங்கே வியாபாரி பேலைப் பிரிப்பதற்கு முன்பே காசு கொடுத்துவிடுகிறார். உள்ளே கறைத்துணியாக வந்தால் நட்டம் முழுக்க அவருக்குத்தான். அந்த ஊரில் இந்தத் துணிகளுக்கு ‘ஒப்ரோனி வாவு’ என்று பெயர். ‘செத்துப்போன வெள்ளைக்காரரின் துணி’ என்று பொருள். உயிரோடு இருக்கும் எவரும் இவ்வளவு நல்ல துணியைத் தூக்கிப்போட மாட்டார்கள் என்ற நினைப்பில் வந்த பெயராம்.

வீட்டுச் சாமானில் ஒரே விதி: முழுசாக இருக்க வேண்டும். மூடியை அதன் பாத்திரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். ஷூக்களை நாடாவால் ஜோடியாக முடிச்சுப் போடுங்கள். அடாப்டரை அதற்குரிய கருவியின் மேலேயே டேப் போட்டு ஒட்டுங்கள், பிரிந்துபோனால் எது எதற்கு என்று கண்டுபிடிக்கவே முடியாது. கண்ணாடி, பீங்கான் விளிம்பை விரல்நகத்தால் ஒரு சுற்றுத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத சில்லு நகத்தில் தட்டும். ஆயிரம் துண்டு ஜிக்சா புதிரை எண்ணிப் பார்த்திருந்தால் ‘எல்லாம் இருக்கிறது’ என்று பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள், அது விற்றுப்போகும்.

மைக்ரோவேவுக்கு முதலில் போன் செய்து கேளுங்கள். மின்பொருளைச் சோதித்து ‘பாதுகாப்பானது’ என்று சொல்லத் தகுதியான ஆள் இல்லாத கடைகள் அதை வாங்குவதில்லை. கதவு சரியாக மூடாதது என்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் கேட்காவிட்டாலும் சோபாவைப் பற்றி ஒரு வார்த்தை: பிரிட்டனில் 1988இல் வந்த தீப்பாதுகாப்பு விதிகளின்படி, அதற்குரிய லேபிள் இல்லாத சோபாவைப் பெரும்பாலான கடைகள் தொடாது. உறுத்துகிறதே என்று அந்த லேபிளைக் கத்தரித்துப் போட்டவர்களின் நல்ல நல்ல சோபாக்கள் வாசலோடு திரும்பிப் போயிருக்கின்றன.

குழந்தைச் சாமானில் பாசத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். கார் சீட்டின் அடியிலோ பின்னாலோ தயாரிப்புத் தேதி இருக்கும், காலாவதித் தேதியும் பெரும்பாலும் இருக்கும். தேதி தாண்டியிருந்தாலோ, ஒரு விபத்தைச் சந்தித்திருந்தாலோ அது முடிந்த கதை. அடுத்த குழந்தைக்குத் தரக் கூடாது. பட்டைகளை வெட்டிவிட்டு எறியுங்கள், குப்பையிலிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி. ஹெல்மெட்டும் அப்படியே. ஓர் அடி வாங்கியதும் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியே பளபளவென்று இருக்கும். குழந்தைக் கட்டிலில் ஒரு பக்கம் கீழே இறங்கும் மாதிரியா என்று பாருங்கள். அந்தக் கம்பிச் சட்டம் கழன்று, இடுக்கில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011 ஜூன் முதல் அவ்வகைக் கட்டிலைப் புதிதாகவோ பழையதாகவோ விற்பதற்கே தடை. எந்த நாட்டில் இருந்தாலும் அதைக் கொடுக்காதீர்கள்.

போன்களைக் கொடுப்பதற்கு முன் வரிசை முக்கியம். முதலில் படங்களை வேறிடத்தில் சேமியுங்கள். அடுத்து ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அதன் பிறகுதான் முழுவதும் அழிக்க வேண்டும். கணக்கை நீக்காமல் அழித்துவிட்டால் போன் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே நிற்கும், யாருக்கும் பயன்படாது. அம்மாவின் போனில் அவர் குரல் பதிவாகியிருக்கும் செய்திகள் இருக்கலாம். அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்காதீர்கள். பேட்டரி உப்பியிருக்கும் போனைப் பையில் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், துணி மூட்டைக்கு நடுவே பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதை மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மெத்தையைப் பெரும்பாலான கடைகள் வாங்காது, காரணம் மூட்டைப்பூச்சி. தையல் ஓரங்களில் பேனா மை தெறித்ததுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் மெத்தையை மட்டுமல்ல, மொத்த வேலையையும் நிறுத்துங்கள். ஒரே ஒரு பை போதும், கடை முழுக்கப் பரவ. துணிகளை டிரையரில் அதிக வெப்பத்தில் அரை மணி நேரம் ஓட்டினால் பூச்சியும் முட்டையும் சாகும். வெப்பம் தாங்காததை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் நான்கு நாள் வைக்கலாம்.

கொண்டுபோகும்போது பைகளைச் சின்னதாகக் கட்டுங்கள், தூக்குபவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். கடை மூடியிருந்தால் வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். மழை வரும், யாராவது கிளறுவார்கள், காலையில் எல்லாம் குப்பையாகக் கிடக்கும். வருட முடிவில் எல்லோரும் வீட்டை ஒழிப்பதால் கடைகள் திணறும். பருவம் மாறிய துணியை வைத்துக்கொள்ளப் பல கடைகளில் இடமும் கிடையாது.

வரிச் சலுகை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் துணியும் வீட்டுச் சாமானும் நல்ல நிலையில் இருந்தால்தான் பொதுவாக வரிக் கழிவு கேட்க முடியும். பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டால், பொருள் விற்ற தொகைக்கு மேல் அரசும் ஒரு பங்கை அந்த நிறுவனத்துக்குத் தரும். இந்தியாவில் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பொருளுக்குப் பொருந்தாது, பணத்துக்கு மட்டும்தான். ரசீது வேண்டுமென்றால் கொடுக்கும் அன்றே கேளுங்கள், பிறகு வந்தால் கிடைக்காது.

கடைசியாக அந்தக் கோட். யாரிடம் போனது என்று கேட்கலாம், ஆனால் பதில் இருக்காது. வாங்கியவர் பெயரை யாரும் எழுதிவைப்பதில்லை. நல்ல நிலையில் இருந்தால் ஓரிரு நாளில் விலைச்சீட்டோடு கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும். அதைத் தாண்டி நடந்துபோக மனம் தாங்காது என்று தோன்றினால், நீங்கள் அடிக்கடி போகாத வேறு பகுதியிலுள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் மற்றதையெல்லாம் இந்த வாரம் கொடுத்துவிட்டு, கோட்டை மட்டும் இன்னும் ஒரு வருடம் ஆணியிலேயே தொங்கவிடுங்கள்.