அரசியல் பிரச்சினைகள் வியாபாரத்தையும் பொருளாதாரத்தையும் எப்படிப் பாதிக்கின்றன?

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை நடத்துகிறேன். சுற்றிலும் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்கள். கல்லாவில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் அரசியல் என்றால் கோலாலம்பூரைத்தான் நினைப்பார்கள். 2018க்கும் 2022க்கும் இடையில் மகாதீர், முகிதீன், இஸ்மாயில் சப்ரி, அன்வார் என நான்கு பேர் பிரதமராகிவிட்டார்கள். ஆள் மாறியதால் மட்டும் என் கடையில் சீனி ஒரு கிலோ கூடவும் விற்கவில்லை, குறையவும் இல்லை. திடீரென்று வரும் உத்தரவுதான் அடிக்கிறது. அதுவும் பல சமயம் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது. டிசம்பர் 8 முதல் ஏற்றுமதியையே தடை செய்தது. அடுத்த ஆண்டு அங்கே நாடாளுமன்றத் தேர்தல். வெங்காய விலை ஏறினால் ஓட்டு போய்விடும் என்ற பயம் அங்குள்ள கட்சிகளுக்கு எப்போதும் உண்டு. தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே, 2024 மே 4ஆம் தேதி தடையை எடுத்தார்கள். அதுவரை பாகிஸ்தான், சீன வெங்காயத்தை வைத்து ஓட்டினோம். சீன வெங்காயம் தண்ணீராக இருக்கிறது, சாம்பாருக்கு ஆகாது என்று அக்காமார்கள் என்னைத்தான் திட்டினார்கள். மகாராஷ்டிரா விவசாயியும் நஷ்டப்பட்டார், நானும் நஷ்டப்பட்டேன்.

செம்பனை இன்னும் பெரிய விஷயம். காஷ்மீர் விஷயத்தில் இந்தியாவைக் குறைகூறி 2019 செப்டம்பரில் மகாதீர் ஐநாவில் பேசினார். அதன்பின் இந்திய வியாபாரிகள் மலேசிய எண்ணெயைத் தவிர்த்தார்கள். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. பேசியது நியூயார்க்கில், கவலை செம்பனைக் குலை விற்கும் சிறுதோட்டக்காரருக்கு. 2022இல் நேர்மாறு: ஏப்ரல் 28இல் இந்தோனேசியா தன் ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் எண்ணெய்க்கு ஏக கிராக்கி. மே 23இல் தடை நீங்கியது, தேங்கிய சரக்கு சந்தைக்கு வந்தது, ஜூலைக்குள் விலை சரிந்தது. நல்ல விலையை நம்பித் தவணைக்கு லோரி எடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

உள்நாட்டு உத்தரவுகளில் ஜிஎஸ்டி எனும் பொருள், சேவை வரிதான் மறக்க முடியாதது. 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டில் வந்தது, ஆட்சி மாறியதும் 2018 ஜூன் 1 முதல் பூஜ்யமானது. ஆண்டு வியாபாரம் 5 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டாத கடைகள் அப்போது பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆனால் மொத்த வியாபாரியிடம் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியவில்லை. அதனால் வரி போன அன்றும் அலமாரியில் இருந்தது வரி கட்டி வாங்கிய சரக்கு. வாடிக்கையாளருக்கு அதெல்லாம் தெரியுமா? 'அரசாங்கம் குறைத்துவிட்டது, நீங்கள் ஏன் குறைக்கவில்லை அண்ணே?' செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. அப்புறம் 2024 ஜூன் 10இல் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்குப் போனது.

எல்லா உத்தரவும் கெடுதல் என்று சொல்லமாட்டேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானபோது தோட்டத்து ஆட்கள் பழைய கடன் பாக்கியைக் கொஞ்சம் அடைத்தார்கள். ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க அந்த ஆறு மாதம் கிடைத்ததால்தான் கடைப் பையனை நிறுத்தாமல் சமாளித்தேன்.